ஹாம் ரேடியோ: பேசும் முன் கேளுங்கள்

ஹாம் ரேடியோ ஆசை வந்ததும் பலரும் விசாரிப்பது, எந்த செட் வாங்கலாம் என்றுதான். செட் கிடக்கட்டும். வெப்எஸ்டிஆர் என்று தேடினால், காசில்லாமல் கேட்கக்கூடிய ரிசீவர்கள் இணையத்தில் கிடைக்கும். 7 மெகாஹெர்ட்ஸுக்குப் போய், எல்எஸ்பி முறையை வைத்து, மெதுவாகத் திருப்புங்கள். முதலில் வாத்து கத்துவதுபோல ஏதோ கேட்கும். இன்னும் ஒரு நூலளவு நகர்த்தினால் அதுவே மனிதக் குரலாகிவிடும். அவருடைய அழைப்புக்குறி விக்டர் யூனிஃபார்ம் என்று தொடங்கினால் நம்மூர்க்காரர்.

ஒரே அலைவரிசையைப் பகலிலும் இரவிலும் கேட்டுப் பாருங்கள். நம் பக்கத்து ரிசீவரானால் பகலில் சென்னை, பெங்களூரு குரல்கள். தொலைவிலிருந்து வருபவற்றை அயனி மண்டலத்தின் கீழடுக்கு விழுங்கிவிடும். இருட்டியதும் அந்த அடுக்கு கரைய, தூரதேசங்கள் வரத் தொடங்கும்.

திருப்பதியில் இன்னொரு வேடிக்கை. ஊருக்கு வடக்கே சேஷாசலம் சுவர்போல நிற்கிறது. அடிவாரத்தில் நின்று 145 மெகாஹெர்ட்ஸ் கையடக்க செட்டில் அந்தப் பக்கம் கூப்பிட்டால் மலை மறிக்கும். 7 மெகாஹெர்ட்ஸோ மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு இறங்குவதால் மலையைச் சட்டையே செய்யாது. தலைக்கு மேலுள்ள வளிமண்டலத்தை ஆராயத்தான் பக்கத்துக் காதங்கியில் 1024 யாகி ஆன்டெனாக்களோடு 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் நிற்கிறது.

இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2005 மே 5-ல் ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அது தலைக்குமேல் கடக்கையில் குரலின் சுருதி மாறிக்கொண்டே போனது. திருகிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. 2014-ல் அது ஓய்ந்தது. இப்போதைக்கு சர்வதேச விண்வெளி நிலையம் இருக்கிறது: 145.800 மெகாஹெர்ட்ஸ், ஒரு முறை கடக்க அதிகம் போனால் பத்து நிமிடம்.

பேச வேண்டுமானால் உரிமம் கட்டாயம். 12 வயது நிரம்பினால் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை. ஆனாலும் படித்து வையுங்கள்: குரல் மூழ்கிப்போகும் இரைச்சலிலும் மோர்ஸ் தெளிவாக வரும்.

உரிமம் வந்த கையோடு விலையுயர்ந்த செட்டுக்குப் பாயாமல், மொட்டைமாடியில் இருபது மீட்டர் கம்பியை நடுவில் வெட்டி 7 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் ஆன்டெனா கட்டுங்கள். நாமே கட்டிய கம்பியில் வரும் முதல் பதிலுக்கு ஈடில்லை.

சிக்னல் ரிப்போர்ட் கேட்டால் மரியாதைக்கு "ஃபைவ் நைன்", அதாவது தெளிவும் வலிமையும் உச்சம், என்று சொல்லிவிட்டு, "பேரை இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்று கேட்பவர்கள் உண்டு. நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கள். எதிர்முனைக்காரர் தன் ஆன்டெனாவைச் சரிசெய்ய அது உதவும்.