காலை ஆறு மணிக் காற்று

எங்கள் வீட்டிலிருந்து பெட்ரோல் பங்க் நாலரை கிலோமீட்டர். எட்டு மாதம் முன்புவரை பைக்குக்குக் காற்று என்றால் எனக்கு அந்த பங்க்தான். முன்னால் ஒரு கார், ஒரு ஆட்டோ, இரண்டு ஸ்கூட்டர். என் முறை வந்ததும் அங்கிருக்கும் தம்பி கேட்பார்: "முப்பத்தஞ்சு வெச்சரட்டுங்ளா?" நானும் தலையாட்டுவேன். காருக்கு 35, ஸ்கூட்டருக்கு 35, எனக்கும் 35. அவர்மேல் தவறில்லை. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவரை ஒவ்வொரு வண்டியின் ஸ்டிக்கரையும் படிக்கச் சொல்ல முடியாது. என் வண்டியின் செயின் கவரில் ஒட்டியிருப்பதை நான்தான் படித்திருக்க வேண்டும்: முன் டயர் 25 பிஎஸ்ஐ, பின் டயர் தனியாகப் போனால் 28, பின்னால் ஆள் இருந்தால் 32.

ஒரு மழைநாளில், அவினாசி சாலையில் முன் பிரேக்கைப் பிடித்தபோது சக்கரம் ஒரு நொடி வழுக்கிப் பிறகு பிடித்துக்கொண்டது. பின் சீட்டில் என் மகள் இருந்தாள். காற்று மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், சாலையில் எண்ணெய்ப் படலமும் இருந்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலை நண்பரின் முள் கேஜை வாங்கி அளந்தபோது முன் டயர் 36 காட்டியது. 25 இருக்க வேண்டிய இடத்தில் 36. அந்த வாரமே சார்ஜ் போட்டுப் பயன்படுத்தும் கையடக்கக் காற்றடிப்பான் ஒன்றை வாங்கினேன்.

சந்தையில் இந்த வகைக் கருவி 2,000 ரூபாயிலிருந்து 3,500 ரூபாய்வரை பல பெயர்களில் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு சிறிய மோட்டார், ஒரு பிஸ்டன், அழுத்தத்தை அளக்கும் ஒரு சென்சார். அதனால் கம்பெனியின் பெயரை விட்டுவிட்டு, எட்டு மாதத்தில் கையில் பட்டதை மட்டும் எழுதுகிறேன். எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. யுஎஸ்பி-சி வயரில் சார்ஜ் ஏற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வேண்டிய எண்ணை வைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினால் அந்த எண் வந்ததும் தானாக நின்றுவிடும்.

முதலில் காற்றடிக்கும் வேலை. 22-க்கு இறங்கியிருந்த பின் டயரை 28-க்கு ஏற்ற முக்கால் நிமிடம். முழுக்க இறங்கிய டயர் என்றால் மூன்று நிமிடம். மிக்ஸியில் சட்னி அரைப்பது போன்ற சத்தம். மூன்று நிமிடம் ஓடியபின் ஹோஸின் பித்தளை முனை விரலைச் சுடும் அளவுக்குக் காய்ந்திருக்கும், துணியால் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். ஹோஸ் குட்டை, கொஞ்சம் விறைப்பும்கூட. பின் சக்கரத்தின் வால்வ், டிஸ்க்குக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில் நின்றுவிட்டால் முனையைத் திருகவே முடியாது. இப்போதெல்லாம் சென்டர் ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தைச் சுற்றி, வால்வ் கீழ்ப்பக்கம் வரும்படி வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன்.

எரிச்சல் தந்த குறை ஒன்று உண்டு. இதில் பைக்குக்கென்று தனி மோடு இருக்கிறது. அந்த மோடில் எண் 26-க்குக் கீழே இறங்காது. என் முன் டயருக்கு வேண்டியது 25. நம் ஊரில் ஓடும் எத்தனையோ 100, 150 சிசி வண்டிகளுக்கு முன் டயர் அளவு 25-தான். பெரிய பைக்குகளை மனதில் வைத்து யாரோ வைத்த எல்லை இது. பொது மோடுக்கு மாறி 25 வைத்துக்கொள்ளலாம். வாங்கியவுடன் அதைப் பழகிக்கொள்வது நல்லது. அலகையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெட்டியிலிருந்து எடுத்தபோது என்னுடையது 'பார்' கணக்கில் இருந்தது. ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ.

இனி அளவு. கருவி காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்? நண்பரின் முள் கேஜோடு ஒரு மாதம் ஒப்பிட்டேன். கருவி எப்போதும் 1 பிஎஸ்ஐ கூட்டியே காட்டியது. இது எனக்கு நிம்மதி தந்தது. ஒரு நாள் கூட்டியும் ஒரு நாள் குறைத்தும் காட்டினால்தான் ஆபத்து. எப்போதும் ஒரே அளவு தவறு என்றால் கழித்துக்கொள்ளலாம். இதோடு இன்னொரு கழிவும் சேரும். ஹோஸைத் திருகிக் கழற்றும்போது 'புஸ்' என்று கொஞ்சம் காற்று போகும். கார் டயருக்கு அது பொருட்டே இல்லை. பைக் டயரின் கொள்ளளவு சிறியது என்பதால் நிதானமாகக் கழற்றினால் ஒரு பிஎஸ்ஐ வரை போய்விடுகிறது. சட்டென்று திருகினால் அரைதான். எனவே 28 வேண்டுமென்றால் நான் 30 வைக்கிறேன்.

இவ்வளவு குறையோடும் இந்தக் கருவியை நான் மெச்சுவதற்குக் காரணம் அது காற்று அடிப்பது அல்ல. டயர் குளிர்ந்திருக்கும்போது, வீட்டு வாசலிலேயே அளக்க முடிகிறது என்பதுதான். ஸ்டிக்கரில் இருக்கும் 25-ம் 28-ம் குளிர்ந்த டயருக்கான எண்கள். அதாவது வண்டி சில மணி நேரமாவது நிழலில் நின்றிருக்க வேண்டும். ஓடும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, அந்த நசுக்கல் வெப்பமாகிறது, உள்ளே இருக்கும் காற்றும் சூடேறி அழுத்தம் கூடுகிறது. நம் பைக் டயரின் அளவில் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். காலையில் 28 இருந்த டயர், வெயிலில் ஒரு மணி நேரம் ஓடியபின் 31, 32 காட்டுவது இயல்பு. முன்பொரு முறை நெடுஞ்சாலையில் அப்படி 32 காட்டியதும் "ஜாஸ்தியா இருக்குங்க" என்று ஒருவர் இறக்கிவிட்டார். டயரும் 28-க்கு வந்தது. மறுநாள் காலையில் அதே டயர் 24-க்கும் 25-க்கும் நடுவில் நின்றிருக்கும். நான் பார்க்கவில்லை, அந்தக் குறைந்த காற்றோடு ஒரு மாதம் ஓட்டினேன். காற்று குறைந்தால் டயர் இன்னும் அதிகமாக நசுங்கும், இன்னும் சூடாகும், ஓரங்கள் முதலில் தேயும். காற்று கூடினால் நடுப்பகுதி தேயும்.

அந்த 'நசுங்குதல்' எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. 28 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ. பின் சக்கரத்தின்மேல் 130 கிலோ இறங்கினால் சாலையில் படியும் ரப்பர் சுமார் 65 சதுர சென்டிமீட்டர். விரல்களை விட்டுவிட்டால் என் உள்ளங்கை அவ்வளவுதான் இருக்கும். 35 வைத்தால் அது 53 அளவுக்குச் சுருங்கும். டயரின் விறைப்பு, வடிவம் எல்லாம் சேர்ந்து இந்த எண்ணைக் கொஞ்சம் மாற்றும். ஆனாலும் நானும் மகளும் வண்டியும் சாலையோடு பிணைந்திருப்பது இரண்டு உள்ளங்கை ரப்பரால்தான்.

டிசம்பரில் ஊட்டிக்குப் போனபோது கருவியைப் பையில் எடுத்துக்கொண்டேன். மலைக்குப் போனால் காற்றைக் கொஞ்சம் இறக்க வேண்டும் என்று ஒருவரும், குளிருக்கு ஏற்ற வேண்டும் என்று இன்னொருவரும் சொல்லியிருந்தார்கள். கோவையில் காலை 24 டிகிரியில் பின் டயரை 28-ல் வைத்துக் கிளம்பினேன். மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக ஏறி இரவு ஊட்டியில் தங்கினேன். மறுநாள் விடியற்காலை 10 டிகிரிக் குளிரில் அளந்தேன்: 29. குளிரில் அழுத்தம் குறையத்தானே வேண்டும், ஏன் கூடியது? கேஜ் காட்டுவது டயரின் உள்ளே இருக்கும் அழுத்தத்தை அல்ல. உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். அவ்வளவு உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2.8 பிஎஸ்ஐ குறைந்துவிடுகிறது. அந்த அளவுக்குக் கேஜ் கூட்டிக் காட்டும். 14 டிகிரி குளிர்ச்சி சுமார் 2 பிஎஸ்ஐ-யைக் கழித்துவிடுகிறது. மிச்சம் ஒன்றுக்கும் குறைவு. நம் மலைப்பயணங்களில் உயரமும் குளிரும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். டயரைத் தொடாமலே இறங்கி வந்தேன். கோவையில் மறுநாள் காலை மறுபடி 28.

ஞாயிறுதோறும் காலையில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பழுதில்லாத ட்யூப்லெஸ் டயர்கூட ரப்பர் வழியே மாதம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இழக்கும். என் பின் டயரும் அப்படித்தான் இருந்தது. முன் டயரோ பிப்ரவரியில் வாரத்துக்கு இரண்டு இறங்கத் தொடங்கியது. ஆணி எதுவும் இல்லை. எங்கள் தெருமுனை பஞ்சர் கடை அண்ணாவிடம் நோட்டைக் காட்டினேன். "இப்படி எழுதிட்டு வந்தா எங்க வேலை பாதி முடிஞ்சுதுங்க" என்றவர், வால்வ் வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டார். கடுகளவு குமிழி ஒன்று மெல்ல ஊதி நின்றது. உள்ளிருக்கும் பின்னை மாற்றிக் கொடுத்தார், டீக்காசுதான் ஆயிற்று. புது மூடி ஒன்றையும் அவரே திருகிவிட்டு, இனி மூடியில்லாமல் ஓட்டக் கூடாது, உள்ளே போகும் மண்தான் பின்னைக் கெடுக்கிறது என்றார். வாரக் கணக்கு இல்லாமல், பங்க்கில் மாதம் ஒருமுறை 35 வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கசிவு என் கண்ணில் பட்டிருக்காது.

யார் வாங்கலாம்? பங்க் பக்கத்திலேயே இருந்து, காலையில் முதல் வேலையாக அங்கே போக முடிகிறவருக்கு இது தேவையில்லை. ஒரு நல்ல கேஜ் போதும், சில நூறு ரூபாய். நெடும்பயணம் போகிறவர்கள், வீட்டில் இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவர்கள், பங்க் தொலைவாக உள்ள ஊர்க்காரர்கள் தயங்காமல் வாங்கலாம். பஞ்சர் ஆன டயரை இது சரிசெய்யாது. மெதுவாகக் கசியும் டயரோடு கடைவரை போய்ச் சேர உதவும், அவ்வளவே. வாங்குவதற்கு முன், கடையிலேயே பைக் மோடை அழுத்தி எண் எதுவரை இறங்குகிறது என்று பாருங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் இதை வைக்காதீர்கள், லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சூடு ஆகாது. என்னுடையது ஹெல்மெட் அலமாரியில், நோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை சார்ஜ் பார்க்கிறேன்.