இரவு வகுப்பிலிருந்து துறைக்கு

கலாச்சார ஆய்வு என்ற பெயரில் பல்கலைக்கழகங்களில் நடப்பதைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுத்தான் இருந்து வருகிறது. இலக்கியத்தை ஒழித்துக்கட்ட வந்த கோட்பாட்டு வியாபாரம் என்பது ஒன்று. இலக்கியத்தைச் சுற்றி எழுப்பப்பட்ட மேட்டுக்குடி மதிலை உடைத்த விடுதலை என்பது மற்றது. இது எங்கே, யாருக்காக, யாரால் தொடங்கப்பட்டது என்று இரண்டு கட்சியினருமே பார்ப்பதில்லை. பார்த்தால் இருவருக்கும் சங்கடம் உண்டாகும் என்பதாலேயே பார்க்கவேண்டியிருக்கிறது.

இதன் பிறப்பிடம் பல்கலைக்கழக வளாகம் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்த வயதுவந்தவர்களுக்கு நடத்தப்பட்ட மாலை வகுப்புகள்தாம். ரிச்சர்ட் ஹாகர்ட் 1946லிருந்து 1959 வரை ஹல் பல்கலைக்கழகத்தின் சார்பில் இப்படி இலக்கியம் நடத்தினார். ரேமண்ட் வில்லியம்ஸ் 1946லிருந்து 1961 வரை ஆக்ஸ்போர்டின் சார்பில் இதையே செய்தார். இ. பி. தாம்ஸன் 1948லிருந்து யார்க்ஷயரில். ஹாகர்ட்டின் ‘த யூஸஸ் ஆஃப் லிட்டரஸி’ (1957), வில்லியம்ஸின் ‘கல்ச்சர் அண்ட் சொஸைட்டி’ (1958), தாம்ஸனின் ‘த மேக்கிங் ஆஃப் தி இங்கிலீஷ் வொர்க்கிங் கிளாஸ்’ (1963) ஆகிய மூன்றும் இந்த வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்தபோது எழுதப்பட்டவை. துறையின் சரித்திரத்தை இந்தப் புத்தகங்களிலிருந்து தொடங்குவது தவறு, புத்தகங்களுக்கு முன்பே அந்த வகுப்பறைகளில் காரியம் நடந்துகொண்டிருந்தது என்று வில்லியம்ஸ் தம் கடைசிக் காலத்தில் வற்புறுத்திச் சொன்னார். துறைக்காரர்கள் அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, புத்தகங்களிலிருந்தே தொடங்குகிறார்கள்.

மாலை வகுப்பில் அப்படி என்ன விசேஷம்? எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள்தான். அவனுக்குப் பட்டம் வேண்டாம்; ஆகவே ஆசிரியர் சொல்வதை ஒப்புக்கொள்ளவேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. அவன் வீட்டில் வாரப் பத்திரிகை கிடக்கிறது, ரேடியோ பாடுகிறது. ‘அதெல்லாம் குப்பை’ என்று ஆசிரியர் சொன்னால், அந்தக் குப்பையைப் படிக்கிறவளின் மகன் எதிரில் இருக்கிறான். ஏன் குப்பை என்று வரிவரியாகக் காட்டவேண்டும். காட்ட முடியாவிட்டால் தம் கருத்தைத் திருத்திக்கொள்ளவேண்டும். மதிப்பீடு என்பது இங்கே ஒரு தீர்ப்பாக இருக்க முடியாது; பதிலை எதிர்பார்த்து நிற்கும் கேள்வியாகத்தான் இருக்க முடியும்.

இந்தக் கருத்து எஃப். ஆர். லீவிஸிடமே உண்டு. ‘ஸ்க்ரூட்னி’ பத்திரிகையை (1932–1953) நடத்திய அவருக்கு விமர்சனம் என்பதே இன்னொருவனின் ஒப்புதலையும் மறுப்பையும் வேண்டி நிற்கும் காரியம். ஆனால் அவருடைய அந்த இன்னொருவன், ஏற்கெனவே பயிற்சி பெற்ற சிறுபான்மையைச் சேர்ந்தவன். ஹாகர்ட்டும் வில்லியம்ஸும் லீவிஸின் முறையை எடுத்துக்கொண்டு அந்த இன்னொருவனை மாற்றினார்கள். லீட்ஸின் தொழிலாளர் குடியிருப்பில் பாட்டியிடம் வளர்ந்து, உபகாரச் சம்பளத்தில் படித்து மேலே வந்தவர் ஹாகர்ட். வேல்ஸ் எல்லைக் கிராமத்தில் ரயில்வே ஸிக்னல்காரரின் மகன் வில்லியம்ஸ். தாங்கள் கற்ற இலக்கியம் தங்களை வீட்டிலிருந்து பிரித்துவிட்டது என்ற பிரக்ஞை இருவருக்கும் இருந்தது. இலக்கியத்தையும் விடாமல் வீட்டையும் விடாமல் எழுதிப்பார்த்ததுதான் அவர்கள் செய்த காரியம்.

ஹாகர்ட்டின் புத்தகத்தைப் பற்றி ஒரு தகவல் உண்டு. அதில் மலிவான கொலை, காம நாவல்களிலிருந்து மேற்கோள்கள் காட்டியிருந்தார். மானநஷ்ட வழக்கு வரும் என்று பதிப்பாளரின் வக்கீல்கள் பயந்தார்கள். அசல் மேற்கோள்களை எடுத்துவிட்டு, அதே ரகத்தில் தாமே எழுதிச் சேர்த்தார் ஹாகர்ட். வேடிக்கையாக மட்டும் இதை நினைக்க முடியவில்லை. தாம் கண்டிக்கும் எழுத்தை அச்சாக எழுதிக்காட்டும் அளவுக்கு அவருக்கு அதில் உள்பழக்கம் இருந்தது. எந்த இடத்தில் அது பொய்யாகிறது என்று சொல்ல அவருக்கு அருகதையும் இருந்தது. அவர் தவறவும் செய்தார். பெண்கள் படித்த பழைய வாரப் பத்திரிகைகளிடம் காட்டிய பரிவை, மில்க் பாரில் ஜூக்பாக்ஸ் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்களிடம் அவர் காட்டவில்லை. அவர்களை வெற்றுக் கூடுகளாகத்தான் பார்த்தார். அவர்கள் அவர் வகுப்புக்கு வந்தவர்கள் அல்ல என்பது காரணமாக இருக்கலாம்.

1964ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஹாகர்ட் சமகாலக் கலாச்சார ஆய்வு மையத்தைத் தொடங்கினார். பணம் பெங்குவின் பதிப்பகத்தின் ஆலன் லேனிடமிருந்து வந்தது. 1960ல் நடந்த ‘லேடி சாட்டர்லி’ வழக்கில் பெங்குவின் பக்கம் சாட்சி சொன்னவர் ஹாகர்ட். தொடக்கத்திலேயே ஆங்கிலத் துறையும் சமூகவியல்காரர்களும் வரவேற்க மனமில்லாமல் கடிதம் எழுதினார்கள் என்று ஸ்டூவர்ட் ஹால் நினைவுகூர்ந்திருக்கிறார். ஹாகர்ட் யுனெஸ்கோவுக்குப் போன பின் மையத்தை நடத்தியவர் ஹால், ஜமைக்காவிலிருந்து 1951ல் ஆக்ஸ்போர்டுக்கு வந்தவர். அவர் காலத்தில் வேலைகள் கூட்டாக நடந்தன. கட்டுரைகள் ஸ்டென்ஸில் பிரதிகளாகச் சுற்றின. பெண்கள் அங்கேயே ஆண்களை எதிர்த்து நின்று 1978ல் ‘விமென் டேக் இஷ்யூ’ தொகுதியைக் கொண்டுவந்தார்கள். வழிப்பறி பற்றிய பீதி எப்படி உற்பத்தி செய்யப்பட்டது என்று காட்டும் ‘பொலீஸிங் த க்ரைஸிஸ்’ என்ற ஐவர் நூலும் அதே வருஷம். இவற்றைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. நம்மில் தள்ளுகிறவர்கள் படிக்காமலே தள்ளுகிறார்கள்.

ஆனால் ஒன்று நழுவியது. 1964ல் ஹாலும் பாடி வானலும் எழுதிய ‘த பாப்புலர் ஆர்ட்ஸ்’ ஒரு தெளிவான நிலை எடுத்தது. சினிமாவை இலக்கியத்தோடு வைத்து மட்டம் தட்டுவது வீண். நல்ல சினிமாவையும் மோசமான சினிமாவையும் வேறுபடுத்தக் கற்பதுதான் வேலை என்றது. ஹால் லண்டனில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அனுபவம் அதில் உண்டு. ஒன்பது வருஷம் கழித்து, 1973ல், தொலைக்காட்சிச் செய்தியைப் பார்க்கிறவன் மூன்று நிலைகளில் நின்று வாசிக்கக்கூடும் – ஒப்புக்கொண்டு, பேரம்பேசி, எதிர்த்து – என்று அவர் எழுதியது எவ்வளவோ நுட்பமான கட்டுரை. வாசகனை வெற்றுக் கூடாக நினைத்த ஹாகர்ட்டுக்கு அதில் சரியான பதில் இருக்கிறது. ஆனால் பார்த்தது நல்லதா என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. மதிப்பீடு இங்கே மறையவில்லை. படைப்பிலிருந்து விலகி அரசியலுக்குப் போயிற்று. சமூகத்தைத் தீர்க்கமாக எடைபோட்டவர்கள் ஒரு பாட்டை எடைபோட மறுத்தார்கள்.

இதற்குச் சித்தாந்தத்தைக் காரணம் சொல்வார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பால் வில்லிஸின் ‘லர்னிங் டு லேபர்’ (1977), பள்ளியை எதிர்த்து நிற்கும் தொழிலாளி வீட்டுப் பையன்களை அந்த எதிர்ப்பே எப்படித் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று காட்டும் அபூர்வமான நூல். கைப்பிரதியை அந்தப் பையன்களிடமே படிக்கக் கொடுத்தார் வில்லிஸ். அவர்கள் சொன்னதைப் பின்னிணைப்பில் நேர்மையாகச் சேர்த்திருக்கிறார். தங்களைப் பற்றிய பகுதிகள் புரிந்தன, மற்றவை நீள நீள வார்த்தைகளாக இருந்தன, மேலே போகவில்லை என்பது அவர்கள் பதிலின் சாரம். மாலை வகுப்பில் எதிரே உட்கார்ந்து மறுத்துப் பேசியவன் இப்போது ஆராய்ச்சிப் பொருளாகிவிட்டான். அவனிடம் கேட்கிறார்கள், பதிவு செய்கிறார்கள், அவன் சார்பில் நிற்கிறார்கள். வாதாடுவது வேறு ஆட்களோடு. அந்த வேறு ஆட்களுக்கு ‘இது எப்படி இயங்குகிறது’ என்று விளக்கினால் போதும். ‘நல்லதா’ என்று அவர்கள் கேட்பதில்லை.

ஹால் இதை உணர்ந்தார் என்றுதான் நினைக்கிறேன். 1979ல் அவர் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். சேர எந்தத் தகுதியும் கேட்காத, வேலைக்குப் போகிறவர்கள் தபாலிலும் தொலைக்காட்சியிலும் படித்த இடம். மாலை வகுப்புக்கு ஒருவகையில் திரும்பியது அது. பர்மிங்ஹாமில் மையம் பிறகு துறையாயிற்று. 2001ல் நடந்த ஆராய்ச்சித் தர மதிப்பீட்டில் எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை; மாணவர்கள் எதிர்த்தும் 2002ல் மூடிவிட்டார்கள். மதிப்பிடுவதைத் தான் கைவிட்ட துறைக்கு மற்றவர்கள் மதிப்பெண் போட்டார்கள் என்று எழுதிவிட்டுச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹாலும் ஹாகர்ட்டும் 2014ல் இரண்டு மாத இடைவெளியில் இறந்தார்கள்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த மூன்று வருஷத்தில், வீட்டில் என்ன படிக்கிறாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. பாங்கில் கூட்டிக் கழித்துவிட்டு இரவில் எழுதுகிறவன் நான். பாங்கில் என் பக்கத்து ஸீட்டுக்காரர் சாப்பாட்டு நேரத்தில் மாத நாவல் படிப்பவர். ஒருநாள் அதைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டார். நுகர்வுக் கலாச்சாரம், கற்பனைத் தப்பித்தல் என்று ஏதோ சொன்னேன். ‘அது சரி சார், நல்லா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க’ என்றார். நான் அதைப் படித்திருக்கவில்லை.

வாங்கிக்கொண்டு போய்ப் படித்தேன். முதல் நாற்பது பக்கத்தில் கச்சிதம் இருந்தது, விவரங்கள் வீணாகவில்லை. அதற்கப்புறம் நாலு பேர் சாகிறார்கள், அதனால் உயிரோடிருக்கிற யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அது பொய் என்று மறுநாள் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ‘யாருக்காவது ஏதாவது ஆகிறதுதான் வீட்டிலேயே இருக்கே சார், அதுக்கு எதுக்குப் புஸ்தகம்?’ என்றார்.

இதற்கு லீவிஸிடம் பதில் கிடையாது. பர்மிங்ஹாமிடம் இதற்கு விளக்கம் இருக்கிறது, பதில் இல்லை. என்னிடமும் இன்னும் இல்லை. நாளைக்கும் அவர் பக்கத்தில்தான் உட்காரவேண்டும்.