நோயும் இறுதி நூலும்: ரெறி பிரற்செற்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஆங்கில நாவலாசிரியர் ரெறி பிரற்செற், தமக்கு இளவயது அல்சைமர் நோய் கண்டிருப்பதை 2007 திசெம்பரில் வாசகர்களுக்குத் தாமே அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 59. 2015 மார்ச்சில் அவர் காலமாகும்வரை எழுத்து நிற்கவில்லை. அவ்வாண்டுகளில் வெளிவந்த நூல்களை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் வினா. அது பிரற்செற் ஒருவரோடு முடியும் வினா அன்று.

நோயின் வரலாறு இங்குக் கருதத்தக்கது. 1906இல் அலோய்ஸ் அல்சைமர் மருத்துவர் முன்வைத்த முதல் நோயாளி மூதாட்டி அல்லர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நோய்வாய்ப்பட்ட பெண். 1970களுக்கு முன்னர் இப்பெயர் பெரிதும் நடுவயதினரின் நோய்க்கே வழங்கிற்று. முதியோரின் நினைவிழப்பு மூப்பின் இயல்பென ஒதுக்கப்பட்டது. எமது பேச்சுவழக்கிலும் இதுவே நிலை. 'அறளை பெயர்ந்துவிட்டது' என யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் கூறுவது முதியவரைக் குறித்தே. அதில் இரக்கத்திலும் எள்ளலே மிகுதி. ஐம்பத்தொன்பது வயதினருக்கு அச்சொல்லும் பொருந்தாது. இதற்கு ஒரு மரபுக் காரணமும் உண்டு. திருக்குறள் பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி, மறதியை ஒழுக்கத்தின் குறையாக நோக்கிற்று. மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை போன்ற சதாவதானிகளைப் போற்றிய கல்விமரபு, நினைவாற்றலையே புலமையாக எண்ணிற்று. இத்தகைய சூழலில் நினைவு தளர்ந்த எழுத்தாளரைக் குடும்பம் வீட்டுக்குள் மறைத்துவைப்பது வியப்பன்று. பிரற்செற் செய்தது அம்மறைப்பை உடைத்தமை. ஏறத்தாழ பத்து இலட்சம் டொலரை நோய் ஆராய்ச்சிக்கு வழங்கியதும் அதன் தொடர்ச்சியே.

இலக்கிய ஆய்வாளர் இத்துறையில் முதலில் எடுத்துக்காட்டுவது ஐரிஸ் மேர்டொக்கை. அவருடைய நோய் முதுமையில் வந்தது. 1997இல் வெளியே தெரிந்தது. 'ஜக்சன்ஸ் டிலெமா' என்ற இறுதி நாவல் 1995இலேயே வந்துவிட்டது. அதன் தளர்ச்சியைச் சில மதிப்புரையாளர் காரணம் அறியாமலே சுட்டினர். 2005இல் கரார்ட் குழுவினர் அந்நாவலை 1954இல் வந்த முதல் நாவலோடும் 1978இல் வந்த 'த சீ, த சீ'யோடும் ஒப்பிட்டனர். வாக்கிய அமைப்புப் பெரிதும் மாறாதிருக்க, சொல்வளம் குன்றியிருந்தது. நுட்பமான ஆய்வு இது. எனினும் இதனைத் திறனாய்வு என்று கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. சொற்கள் குறைந்தன என்பது ஓர் அளவீடு. நாவல் தாழ்ந்ததா என்பது வேறு தீர்ப்பு.

பிரற்செற்றின் நிலை இதிலும் வேறானது. மூளையின் பின்புறப் புறணி சுருங்கும் அரிய வகை அவருக்கு. பார்வையின் ஒழுங்கு முதலில் சிதைந்தது. மொழி நெடுநாள் நின்றது. தட்டச்சுச் செய்ய இயலாதபோது உதவியாளர் ரொப் வில்கின்சுக்கும் கணினிக்கும் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தார். 2010இல் வந்த 'ஐ ஷல் வெயார் மிட்நைற்', ஊரின் அச்சம் எவ்வாறு ஒரு பெண்ணின்மீது வெறுப்பாகத் திரள்கிறது என்பதைக் காட்டுவது. நோய்க்குப் பின்னான நூல்களுள் வலிமை மிக்கது அதுவே என்பேன். 2013இல் வந்த 'ரெய்சிங் ஸ்ரீம்' அத்தகையதன்று. பாத்திரங்கள் நீளநீளப் பேசுகின்றன. ஒருவர் குரல் மற்றவருடையதினின்று பிரிந்து கேட்பதில்லை. நோயாளி என்பதற்காக இதனைச் சொல்லாது விடுவது, அவரை எழுத்தாளர் வரிசையிலிருந்து நீக்குவதாகும்.

மறுதலையான பிழையும் உண்டு. இறுதி நாவலான 'த ஷெப்பேர்ட்ஸ் குறவுண்' நூலில் மூத்த சூனியக்காரி கிரனி வெதர்வக்ஸ் தன் மரணத்தை முன்னறிந்து, வீட்டைத் துப்புரவாக்கி, தன் பேழையைத் தானே பின்னிவைத்துப் படுக்கிறாள். ஆசிரியர் தம் சாவையே எழுதினார் என்று வாசிப்போர் பலர். ஆனால் சூனியக்காரிகள் தம் முடிவை முன்னறிவர் என்பது அந்நாவல் வரிசையில் முன்பே நிறுவப்பட்ட விதி. காட்சி அக்கற்பனை உலகின் தர்க்கத்தினின்றே பிறக்கிறது. நூல் முற்றாகச் செப்பனிடப்படவில்லை என்பதைப் பின்னுரை ஒப்புக்கொள்கிறது. இக்காட்சிக்கு அச்சலுகை தேவையில்லை.

சொல்ல ஒருவர், எழுத ஒருவர் என்பது தமிழுக்குப் புதிதன்று. யாழ்ப்பாண மன்னன் பரராசசேகரனைப் பாடிப் பரிசு பெற்றாரெனக் கூறப்படும் அந்தகக்கவி வீரராகவ முதலியார் கண்ணிழந்தவர். அவர் பாடியதை ஏட்டிலிட்ட கை யாருடையது என்று நாம் கேட்டதில்லை. ஆசிரியன் தனியன் என்னும் எண்ணம் அத்துணை ஆழமாக வேரூன்றியது. வில்கின்சின் பெயர் நமக்குத் தெரிந்திருப்பது, எழுத்து உழைப்பின் பங்கீட்டை அறிவதில் ஒரு முன்னேற்றம்.

ஆனையிறவிலிருந்து நோக்குகையில் வேறொரு சிக்கல் தெரிகிறது. 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளின் போர்களைக் கண்ட நிலம் இது. இராணுவத் தளத்தால் இப்பாதை மூடுண்டிருந்த காலத்தில் மக்கள் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தனர். இங்கு ஐம்பது வயதினர் ஒருவர் பெயர்களை மறந்தால், வீட்டார் 'யோசனை கூடிவிட்டது' என்பர். இழப்புகளை எண்ணிப்பார்த்தால் அவ்விளக்கம் நியாயமானதே. போர் உள்ளத்தில் விட்ட வடுக்களைத் தயா சோமசுந்தரம் 1998இலேயே நூலாக்கினார். ஆயினும் எல்லா மறதியையும் போரின் கணக்கில் எழுதிவிட்டால், மூளைநோய் கண்டறியப்படாமலே முற்றிவிடும்.

மேர்டொக்குக்குச் செய்த ஒப்பீட்டை ஈழத்து எழுத்தாளர் ஒருவருக்குச் செய்யப் புகுந்தால் மூலங்களே தடையாகும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. இடப்பெயர்வின் பைகளில் காணி உறுதியும் சான்றிதழும் முதலில் ஏறின. கையெழுத்துப் பிரதிகள் இடமிருந்தால் மட்டுமே. பிரற்செற்றின் முடிவுறாத எழுத்துகள் இருந்த கணினித் தட்டு, அவர் விருப்பப்படியே 2017 ஓகஸ்ட்டில் டோர்செற்றில் நீராவி உருளைப் பொறியின் கீழ் நசுக்கப்பட்டது. அழிக்கும் உரிமை அவரிடமிருந்தது. எமது எழுத்தாளரிடம் அதனை யாரும் கேட்கவில்லை. 2005 முதல் நூலகம் நிறுவனம் அச்சுநூல்களை எண்மப்படுத்திவருகிறது. வரைவுகளும் திருத்தப்படிகளும் வீடுகளிலேயே கிடக்கின்றன. அவற்றை எழுதிய ஆண்டையும், சொல்லக்கேட்டு எழுதியவர் பெயரையும், ஆசிரியர் நினைவோடிருக்கும்போதே கேட்டுக் குறித்துவைப்பது பல்கலைக்கழகத் தமிழ்ச்சங்கங்களால் செய்யக்கூடிய பணி.