தடைக்காலமும் பேறுகாலமும்

திருப்புல்லாணிக் கோயிலில் பிள்ளையில்லாதவர்களுக்குப் பாயசம் கொடுக்கிறார்கள். தசரதன் இங்கே வந்து வேண்டிக்கொண்ட பிறகே ராமன் பிறந்தான் என்பது தலபுராணம். இதையொரு பிரதியாக வாசித்தால் வாரிசு இருக்கிறது, ராஜ்யம் இருக்கிறது; சுமந்து பெற்ற உடம்பு ஓரத்தில் நிற்கிறது. நமது மகப்பேறு நலத் திட்டங்களின் சொல்லாடலும் இதிலிருந்து அதிகம் விலகியதாக எனக்குத் தெரியவில்லை.

இதே ஒன்றியத்தில், பாரதிநகரில், பெண்கள் பாசிக்குப் போகிறார்கள். விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்கிற வேலை. மாதம் 12 நாள் என்பது இக்கடலோரப் பெண்கள் தாங்களாகவே வகுத்துக்கொண்ட வரம்பு, வருசத்துக்கு 144ஐத் தாண்டாது. 1961ஆம் வருச மகப்பேறு நலச் சட்டம் கேட்டது 80 நாள்தான். ஆனா யார்கிட்ட வேலை பார்த்தே என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. வியாபாரி முன்பணம் தருவார், எடைபோடுவார், விலை சொல்வார். முதலாளி மட்டும் ஆகமாட்டார். 2017இல் 26 வாரமாக நீண்ட விடுப்பு 'வேலையளிப்பவர்' என்ற ஒற்றைச் சொல்லின்மேல் நின்றது. அச்சட்டத்தை விழுங்கி 2025 நவம்பரில் அமலான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அப்படியே. அமைப்புசாராதவர்களுக்கு அதில் வேறொரு அத்தியாயம்: திட்டம் வகுக்கப்படுமாம்.

ஆகவே இவளுக்கு வாய்ப்பது 'உதவி'. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 2018இலிருந்து 18,000 ரூபாய், அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக. பல மாநிலங்களில் இதுவும் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். வருமான இழப்பை ஈடுசெய்வது என்றும் நோக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். தவணைகளோ பெயர் பதிவதோடும் தடுப்பூசியோடும் கட்டப்பட்டவை. கடலுக்குப் போகாத நாளை அவை எண்ணுவதில்லை. அவள் தாய், பயனாளி, தொழிலாளி அல்ல. 1928இல் பம்பாய் சட்டசபையில் ஆலைப் பெண்களின் பேறுகால ஓய்வுக்காகப் பேசிய அம்பேத்கர், இந்தச் சுமையில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கவேண்டும் என்றார். அந்தப் பாதியை வசதியாக மறந்துவிட்டோம்.

முதலாளியே இல்லையே, யார் கொடுப்பது என்பார்கள். பதில் இதே கடலில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகக்கூடாது. மீன்கள் இனம்பெருக்கும் காலம். அதற்காக மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. (போதாது என்று வருசாவருசம் சண்டை நடக்கிறது, அது வேறு விசயம்.) தொழில் நிற்கிறது, வருமானம் போகிறது, ஆகவே ஈடு. இந்தத் தர்க்கத்துக்கு எந்த முதலாளியையும் யாரும் தேடவில்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் இருப்பதுபோல இரண்டு பிரசவம் வரைக்கும்தான் என்று மீனுக்கு யாரும் வரம்பு போடவுமில்லை!

மாதம் 12 நாள் வீதம் ஆறு மாதத்துக்கு 72 நாள் வருகிறது. அந்த 72 நாளின் பாசி விலையைத்தான் இவர்கள் கேட்கவேண்டும், கூலிப்பாக்கி என்ற பெயரில்.