பெட்டியில்லாத எக்ஸ்சேஞ்ச்

மாடிப்படிக்கு அடியில், பழைய பீரோவுக்குப் பின்னால், சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கும். அதன் வயிற்றிலிருந்து ஒயர்கள் தலைவிரி கோலமாகத் தொங்கும். அலுவலகத்தில் அதைத் திறக்கத் துணிந்தவர் எவருமில்லை. ஒருவர் மேசையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றினால், ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவரின் ஆள் வந்து எக்ஸ்டென்ஷனை மாற்றிக் கொடுக்கும் வரை அவருக்கு வரும் போன் எல்லாம் காலி நாற்காலியின் அருகில் அடித்துக்கொண்டிருக்கும். ஈபிஏபிஎக்ஸ் என்ற அந்தப் பெட்டி பல தொழில்களின் குரல்வளையாக இருந்த காலம் ஒன்று உண்டு. விற்றவருக்கு அது பொன் முட்டையிடும் வாத்து. ஒரு கார்டு கெட்டால் அதே கம்பெனியின் கார்டைத்தான் வாங்க வேண்டும். இன்னொரு கம்பெனியின் போனை மாட்டினால் பாதிப் பொத்தான்கள் வேலை செய்யாது.

அந்தப் பெட்டியின் வேலையை இன்று மென்பொருள் செய்கிறது. போன், குறுஞ்செய்தி, காணொளிக் கூட்டம், குரலஞ்சல் எல்லாம் ஒரே நிரலுக்குள் வந்து, அவை அனைத்தையும் மேய்க்க ஒரு நிர்வாகத் திரை. ‘யூனிஃபைடு கம்யூனிகேஷன்ஸ்’ என்று துறையில் இதற்குப் பெயர். இதை எடைபோட மைக்ரோசாஃப்டையோ சிஸ்கோவையோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்களிடம் ஆயிரம் சரக்கு. எது எதனால் விற்கிறது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். நான் எடுத்துக்கொள்வது 3சிஎக்ஸ். சைப்ரஸ் தீவைத் தலைமையிடமாகக் கொண்டு நிக் கலேயா 2005இல் தொடங்கிய நிறுவனம். அலுவலகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சை ஒரு சாதாரண விண்டோஸ் கணினியில் நிறுவும் மென்பொருளாக மாற்றி விற்றது. பின்னாளில் லினக்ஸிலும் ஓட வைத்தது. 2023இல் அந்நிறுவனம் சொன்ன கணக்குப்படி 6 லட்சம் நிறுவனங்கள், நாள்தோறும் 1 கோடியே 20 லட்சம் பேர். இந்த முறையின் நல்லது கெட்டது இரண்டும் இங்கே மறைப்பில்லாமல் வெளியே தெரிகின்றன.

முதலில் நல்லது. அதிலும் பலர் கவனிக்காத ஒன்று: விலை வைத்த விதம்.

பெரும்பாலான போட்டியாளர்கள் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்கினார்கள். 3சிஎக்ஸ் பல ஆண்டுகளாக, ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் நடக்கலாம் என்பதை வைத்து உரிமம் விற்றது. ஆயிரம் எக்ஸ்டென்ஷன் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நொடியில் பேசிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்பதற்கு மட்டும் காசு கொடுங்கள் என்பதுதான் பேச்சு. இதை விற்பனைத் தந்திரம் என்று தள்ள முடியாது. இதன் வேர் நூறாண்டு பழைய கணிதத்தில் இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஆக்னர் க்ராரப் எர்லாங் என்ற டேனிஷ் கணித அறிஞர், எத்தனை லைன் போட்டால் எத்தனை பேருக்கு ‘எங்கேஜ்டு’ ஒலி கேட்கும் என்பதற்கான சூத்திரத்தை 1917இல் வெளியிட்டார். தொலைபேசிப் போக்குவரத்தின் அளவைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூறு பேர் வேலை செய்யும் அலுவலகம். நெரிசலான ஒரு மணி நேரத்தில் 60 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம். மொத்தம் 180 நிமிடப் பேச்சு. அதாவது 3 எர்லாங். நூற்றுக்கு ஓர் அழைப்பு மட்டும் தோற்கலாம் என்று வைத்துக்கொண்டால், எர்லாங் சூத்திரப்படி 8 வழிகள் போதும். நூறு பேருக்கு எட்டு! தலைக்கு ஒரு கட்டணம் வாங்குகிறவர், மீதித் தொண்ணூற்றிரண்டு பேரின் மௌனத்துக்கும் காசு வாங்குகிறார் என்று அர்த்தம். கல்லூரி விடுதி, மருத்துவமனை வார்டு, ஓட்டல் அறை என்று போன் நிறைய, பேச்சு குறைவு என்ற இடங்களுக்கு இந்த விலைமுறை நியாயமானது. நூறு பேர் ஒரே நேரத்தில் பேசும் கால்சென்டருக்கு இதில் பெரிய லாபமில்லை. அங்கே மௌனத்துக்கு இடமில்லை.

இரண்டாவது நன்மை, பொது மொழி. எஸ்ஐபி என்ற நெறிமுறை 1999இல் வெளியாகி, 2002இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. அழைப்பைத் தொடங்குவது, மணியடிப்பது, முடிப்பது ஆகியவற்றுக்கான பொது இலக்கணம் அது. 3சிஎக்ஸ் தன் கட்டடத்தை இதன் மேல்தான் எழுப்பியது. மேசைப் போன் ஒரு நிறுவனத்துடையது, வெளி லைன் இன்னொரு நிறுவனத்துடையது, நடுவில் எக்ஸ்சேஞ்ச் இவர்களுடையது என்று கலந்து வைத்துக்கொள்ள முடிந்தது. சாம்பல் பெட்டிக் காலத்தில் இதை நினைத்தே பார்க்க முடியாது. அந்தப் பெட்டிகளின் பேரரசாக இருந்த அவாயா 2017 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் இரண்டு முறை திவால் பாதுகாப்புக் கேட்டு அமெரிக்க நீதிமன்றப் படியேறியது. கழுத்து மட்டும் கடன் அதற்கு ஒரு காரணம். கார்டு விற்றுப் பிழைத்த காலம் முடிந்ததும் ஒரு காரணம்.

நிர்வாகத் திரையின் வசதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஒரு க்யூஆர் கட்டத்தைக் கைபேசியால் படம் பிடித்தால், அலுவலக எக்ஸ்டென்ஷன் அவர் கைக்கு வந்துவிடுகிறது. எண் சுவரை விட்டு இறங்கி மனிதரோடு நடக்கத் தொடங்கியது. 2020இன் ஊரடங்கில் எத்தனையோ அலுவலகங்கள் வீட்டிலிருந்து போன் எடுத்தது இந்த ஒரு மாற்றத்தால்தான்.

ஆனால் எண் சுவரை விட்டு இறங்கியதில்தான் முதல் சிக்கலும். சுவரில் இருந்த போனுக்கு ஒரு முகவரி இருந்தது. நடமாடும் எண்ணுக்கு இல்லை. அமெரிக்காவில் 2013 டிசம்பரில், டெக்சாஸ் மாநிலம் மார்ஷல் நகரில் ஒரு மோட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது ஒன்பது வயது மகள் 911ஐ நான்கு முறை அழுத்தினாள். அழைப்பு போகவில்லை. இங்கே சைபர் அழுத்தி வெளி லைன் எடுப்பது போல, அந்த மோட்டலில் முதலில் 9 அழுத்த வேண்டும். குழந்தைக்கு அது தெரியாது. தாய் இறந்தார். அவர் பெயரால் அமைந்த கேரி சட்டம் 2018 பிப்ரவரியில் கையெழுத்தாகி, 2020 பிப்ரவரி 16 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிதாக வரும் பல லைன் அமைப்புகளில் எந்த முன்னெண்ணும் இல்லாமல் 911 போக வேண்டும். அழைப்பு போன செய்தி வரவேற்பு மேசைக்கோ பாதுகாப்பு அறைக்கோ தெரிய வேண்டும். இதற்குத் துணையாக வந்த இன்னொரு சட்டம், ஆம்புலன்ஸ் எந்த மாடிக்கு, எந்த அறைக்குப் போக வேண்டும் என்ற விவரமும் அழைப்போடு செல்ல வேண்டும் என்றது.

அந்த மோட்டலில் எதுவும் பழுதாகவில்லை. பெட்டி தனக்குச் சொல்லிக் கொடுத்தபடியேதான் நடந்தது. யாரோ, என்றோ செய்த அமைப்பு அது. பெட்டி போய் மென்பொருள் வந்தாலும் இந்த ஆபத்து போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. இன்று ஒரே திரையில் ஒரே சொடுக்கில் முப்பது கிளை அலுவலகங்களின் எண் விதிகளை மாற்றலாம் என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். முப்பது இடத்திலும் ஒரே சொடுக்கில் தவறையும் விதைக்கலாம்.

சட்டம் குறுக்கே வந்த கதை நம்மிடமும் உண்டு. இணையம் வழியே வரும் அலுவலக அழைப்பும் பொதுத் தொலைபேசி லைனும் ஒரே எக்ஸ்சேஞ்சுக்குள் கலந்து, எஸ்டிடி, ஐஎஸ்டி கட்டணம் தப்பிவிடக்கூடாது என்பதில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை கறாராக இருந்தது. அதற்காகவே சிஸ்கோ தன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளுக்குள், இரண்டையும் கலக்கவிடாமல் பிரிக்கும் ஒரு தனி வசதியைச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்து வைப்பதற்கென்று செய்த சரக்கில், பிரித்து வைப்பதற்கென்று ஒரு பாகம்! 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் வந்த தளர்வுகள் கால்சென்டர், பிபிஓ நிறுவனங்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தன. சென்னை ஓஎம்ஆரில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். அதற்கு முன், வீட்டிலிருந்து போன் எடுக்கத் தனி அனுமதிக்கு நடந்த காலம்.

இன்னொரு குறை சட்டத்தில் அடங்காதது. பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி. ‘இருக்கிறார்’, ‘பேசிக்கொண்டிருக்கிறார்’, ‘சீட்டில் இல்லை’ என்று எல்லோரைப் பற்றியும் எல்லோருக்கும் அது சொல்கிறது. அழைத்து அழைத்து ஏமாறாமல் இருக்க இது உதவும் என்பது உண்மைதான். ஆனால் பழைய ஆபரேட்டர் அம்மாவுக்கும் யார் எங்கே இருக்கிறார் என்பது தெரியும். “சார் மீட்டிங்ல இருக்காங்க” என்று அவர் சொல்லும்போது அதில் பாதி உண்மை, பாதி கருணை. டீ குடிக்கப் போனவரைக் காட்டிக் கொடுக்காத கருணை. மென்பொருளுக்கு அந்த நாசூக்கு கிடையாது. ஹாஜர் பட்டியலை நாள் முழுவதும் திறந்து வைத்திருக்கும் இந்த ஏற்பாடு வேலையாளுக்கு என்ன தந்தது என்று கேட்டால், எனக்கு இதுவரை நல்ல பதில் கிடைக்கவில்லை.

இவையெல்லாம் 2023 மார்ச்சுக்கு முன் பின்னுரையாக எழுதக்கூடிய குறைகள். மார்ச்சில் நடந்தது வேறு ரகம்.

3சிஎக்ஸ் கணினிச் செயலியின் ஒரு புதுப்பிப்பு வழக்கம்போல் வாடிக்கையாளர்களுக்குப் போனது. நிறுவனத்தின் சொந்த டிஜிட்டல் கையொப்பம் அதில் இருந்தது. மேக் கணினிக்கான பதிப்புக்கு ஆப்பிளின் சான்றும் இருந்தது. ஆனால் ஒலி, காணொளிக்கான ஒரு துணைக் கோப்புக்குள் யாரோ விஷத்தை ஏற்றியிருந்தார்கள். அது ஒரு வாரமாவது அசையாமல் கிடந்து, பிறகு எழுந்து, கிட்ஹப் தளத்தில் சாதாரண ஐகான் படங்கள் போல் வைக்கப்பட்டிருந்த கோப்புகளிலிருந்து தன் எஜமானரின் முகவரியைப் படித்துக்கொண்டது. மார்ச் 22 முதலே வாடிக்கையாளர்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் கூவத் தொடங்கின. நிறுவனம் அதைத் தவறான எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டது. மார்ச் 29 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் விஷயம் வெடித்தது. செயலியை நீக்கிவிட்டு பிரவுசர் வழியே பயன்படுத்துங்கள் என்றார் கலேயா.

எப்படி நுழைந்தார்கள்? ஏப்ரலில் மேண்டியன்ட் நிறுவனத்தின் விசாரணை சொன்ன கதை துப்பறியும் நாவலையும் தோற்கடிக்கும். 3சிஎக்ஸ் ஊழியர் ஒருவர் தன் சொந்தக் கணினியில் ‘எக்ஸ் டிரேடர்’ என்ற பங்குச்சந்தை வணிக மென்பொருளை நிறுவியிருந்தார். அதைத் தயாரித்த டிரேடிங் டெக்னாலஜீஸ் 2020இலேயே அதைக் கைவிட்டிருந்தும், 2022இல் அது இன்னும் தரவிறக்கக் கிடைத்துக்கொண்டிருந்தது. அதுவும் விஷமேற்றப்பட்ட பதிப்பு. அந்தக் கணினியிலிருந்து கடவுச்சொல் திருடு போய், அதன் வழியே நிறுவனத்துக்குள் புகுந்து, நிரல் உருவாகும் பட்டறை வரை போயிருக்கிறார்கள். மென்பொருள் வழித் தாக்குதல் ஒன்று இன்னொரு மென்பொருள் வழித் தாக்குதலைப் பெற்றெடுத்ததைத் தாங்கள் பார்த்தது இதுவே முதல்முறை என்றது மேண்டியன்ட். வடகொரியத் தொடர்புடைய குழுவின் மீது சந்தேகம் விழுந்தது. காஸ்பர்ஸ்கை ஆய்வாளர்கள் கண்டவரை, அடுத்த கட்ட ஆயுதம் இறக்கப்பட்ட கணினிகள் பத்துக்கும் குறைவு. கிரிப்டோ நாணய நிறுவனங்களே குறி. அதற்காக லட்சக்கணக்கான அலுவலகங்களின் போன் செயலி வாகனமாயிற்று.

எச்சரிக்கையை ஒரு வாரம் தள்ளியதை வைத்து நிறுவனத்தை முழுக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. பாதுகாப்பு மென்பொருள்கள் பொய்யாகக் கூவுவது அன்றாடம். ஆனால் இன்னொன்றை மன்னிப்பது கடினம். வெப் கடவுச்சொற்களை மீட்க முடியாதபடி மறைத்துச் சேமிக்கும் முறையை இந்த அடிக்குப் பிறகு வந்த பதிப்பில்தான் கொண்டுவந்தார்கள். இணைய உலகில் பல காலமாக அரிச்சுவடியாக இருந்த பாடம் அது. உரையாடல், பதிவு செய்த குரல், வாடிக்கையாளர் எண்கள் என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்து போடச் சொல்கிறவர், அந்தப் பெட்டியின் பூட்டை மற்றவர்களைவிட ஒரு படி நன்றாகச் செய்திருக்க வேண்டாமா?

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விஷம் ஏறியது கணினிச் செயலியில் மட்டும். அதே எக்ஸ்சேஞ்சில், எஸ்ஐபி வழியே மாட்டியிருந்த சாதாரண மேசைப் போன்களில் அந்தக் கோப்பே கிடையாது. எல்லோரையும் ஒரே செயலிக்குள் கொண்டுவராமல், மேசைக்கு மேசை பழைய போனை விட்டு வைத்த அலுவலகங்களை, காலத்தோடு ஓடாதவர்கள் என்று விற்பனையாளர்கள் கேலி செய்திருப்பார்கள். அந்த மார்ச் மாதத்தில் அவர்களுடைய மேசைகளில் போன் வழக்கம்போல் அடித்தது. எடுத்துப் பேசினார்கள்.