தலை கவிழ்ந்த பூ

மலர் என்றால் வானை நோக்கி விரிவது என்றே பழகிவிட்ட கண்ணுக்கு, மெல்லிய காம்பின் நுனியில் ஜிமிக்கியைப் போலத் தலை கவிழ்ந்து ஆடும் ஃபியூஷியாவின் சௌந்தர்யம் முதற்பார்வையில் பிடிபடுவதில்லை. தொட்டியை உத்தரத்தில் தொங்கவிட்டு, அதன் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கே, பின்னோக்கி வளைந்த நான்கு செந்நிறப் புறவிதழ்களும், அவற்றின் நடுவே ஊதாப் பாவாடையாகக் குவிந்த நான்கு அகவிதழ்களும், அவற்றையும் கடந்து நீண்டு இறங்கும் எட்டுக் கேசரங்களும் ஒருசேரத் தரிசனம் தருகின்றன. அதன் ஜன்மபூமியான தென் அமெரிக்க மலைக்காடுகளில், அந்தரத்தில் சிறகடித்து நின்றபடியே கீழிருந்து அலகை நீட்டித் தேன் உண்ணும் ரீங்காரச் சிட்டுக்கு இந்தத் தொங்கல் எத்தனை சௌகரியம்! மேற்கிந்தியத் தீவுகளில் இச்செடியின் ஓர் இனத்தைக் கண்டு, 1703இல் வெளியிட்ட நூலில் ஜெர்மானிய வைத்தியர் ஃபூக்ஸின் ஞாபகமாக அதற்குப் பெயரிட்டவர் ஷார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி.

உதகையில் இதை வளர்ப்பவருக்கு உண்மையான பரீட்சை பனிக்காலம்தான். நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்குவது டிசம்பரிலும் ஜனவரியிலும் உறைபனியாக முற்றுகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் பூமி தன் உஷ்ணத்தை ஆகாயத்துக்கு இழந்துவிட, குளிர்ந்த காற்று கனத்துச் சரிவுகளில் இறங்கி, காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்ந்த இடங்களில் தேங்கி நிற்பதால், மேட்டு வீட்டுச் செடி பிழைக்கும் அதே இரவில் பள்ளத்து வீட்டுச் செடி மாண்டுபோகும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து திசுக்களைச் சிதைத்துவிடுவதால், வெயில் ஏறியதும் அது வெந்த கீரையாகத் துவண்டு கறுக்கிறது. 1848இல் தோட்டக்கலை நிபுணர் மக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய அரசுத் தாவரவியல் பூங்காவில் தோட்டக்காரர்கள் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் தழைக் கொத்துகளால் மலர்ச்செடிகளை மூடி வைப்பதைக் கண்டுதான் நானும் அவ்வாறே செய்யக் கற்றேன். தழையின் இடுக்குகளில் காற்றும் புழங்குகிறது. பனியும் நேரே இறங்குவதில்லை. சாக்குப் போர்த்துவதைவிட இது உசிதமானது என்பது என் துணிபு.

ஒரு ஜனவரி மாலையில், வானம் மூட்டமாக இருந்ததை நம்பி ஒரு தொட்டியை வெளியிலேயே விட்டுவிட்டேன். நள்ளிரவில் வானம் தெளிந்திருக்க வேண்டும். விடிந்தபோது இலைகளின் விளிம்பெல்லாம் உப்புப் பூத்ததுபோல் வெண்மை. பத்து மணிக்குள் அனைத்தும் கருகித் தொங்கின. ஆயினும் பிடுங்கி எறிய மனம் வரவில்லை. அடித்தண்டில் நகத்தால் லேசாகக் கீறினேன். பட்டைக்குள் பசுமை இருந்தது. கருகியதை நறுக்கிவிட்டு, வேர் காய்ந்துவிடாத அளவுக்கு மட்டும் நீர் விட்டு, கண்ணாடி அறையின் மூலையில் வைத்தேன். புதுக்கிளையிலேயே பூக்கும் ஜாதி ஆதலால், துளிர் வந்த பிறகு இரண்டு முறை நுனி கிள்ளிவிட்டால் கிளை பெருகிப் பூவும் பெருகும்.

மார்ச்சில் கணுவுக்கு இரண்டாக, எதிரெதிரே, கடுகளவில் செந்துளிர்கள் எட்டிப் பார்த்தன. மே மாதத்தில் என் பேத்தி முதல் மொட்டை விரலிடுக்கில் வைத்து, மெல்ல அழுத்திப் பட்டென்று வெடிக்கச் செய்து சிரித்தபோது, அதைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை.