வலியறிதலும் இடனறிதலும்: தேர்தல் தோல்வி விளக்கங்கள் குறித்த ஒரு திறனாய்வு (திருவண்ணாமலைத் தொகுதி, 1957–1967)

முன்னுரை

தேர்தலில் ஒரு கட்சி தோற்றதும் அதற்கான காரணம் பெரும்பாலும் தலைவரிடத்தே தேடப்படுகின்றது. ஆணவம், மிகையான தன்னம்பிக்கை, மக்களிடமிருந்து விலகி நின்றமை ஆகியன தமிழ் அரசியல் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் சுட்டப்படும் காரணங்களாகும். மன்னன் முறை பிறழ்ந்தால் அரசு அழியும் என்னும் பழைய அறநோக்கின் தொடர்ச்சி இது எனலாம். திருக்குறளின் 56ஆம் அதிகாரமாகிய கொடுங்கோன்மை இந்நோக்கிற்கு வலுவான இலக்கிய அடிப்படையாக அமைகின்றது. ஆனால் அதே பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 48 முதல் 50 வரையுள்ள மூன்று அதிகாரங்கள் வெற்றி தோல்வியை வேறொரு கோணத்தில் அணுகுகின்றன. வள்ளுவர் போரைக் கருதிக் கூறியவை வாக்குரிமை அரசியலுக்கு அப்படியே பொருந்தா. எனினும், அறத்தால் மட்டும் தோல்வியை விளக்கிவிட முடியாது என்னும் தெளிவு அவற்றில் உள்ளது. அத்தெளிவைக் கொண்டு, திருவண்ணாமலைச் சட்டப்பேரவைத் தொகுதியின் பத்தாண்டு வரலாற்றின் வழியாக வழக்கமான தோல்வி விளக்கங்களை இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

கோயில் நகரம் என்னும் எளிய விளக்கம்

அண்ணாமலையார் கோயிலையும் கார்த்திகைத் தீபத்தையும் அடையாளமாகக் கொண்ட ஊர், பகுத்தறிவு இயக்கத்திலிருந்து கிளைத்த ஒரு கட்சியை ஏற்காது என்று கருதத் தோன்றும். நிகழ்ந்தது வேறு. 1956 திருச்சி மாநாட்டில் தேர்தலில் போட்டியிட முடிவெடுத்த திராவிட முன்னேற்றக் கழகம், 1957இல் தனக்கென ஏற்புபெற்ற சின்னம்கூட இல்லாமல் களம் கண்டது. அது வென்ற 15 பேரவை இடங்களுள் ப. உ. சண்முகம் வென்ற திருவண்ணாமலையும் ஒன்று. நாடாளுமன்றத்திற்கு அக்கட்சி சார்பில் சென்ற இருவருள் நாமக்கல்லில் வென்றவர் ஈ. வெ. கி. சம்பத், திருவண்ணாமலையில் வென்றவர் இரா. தர்மலிங்கம். ஊரின் சமய அடையாளத்தைக் கொண்டு அதன் வாக்கை முன்கூட்டியே அறிந்துவிட முடியாது என்பதை இம்முடிவுகள் உணர்த்துகின்றன.

தலைவர் மாறாமல் முடிவு மாறியமை

1957இல் வென்ற பதினைவருள் 1962இல் மீண்டும் வென்றவர் தொகுதி மாறித் தஞ்சாவூரில் நின்ற மு. கருணாநிதி ஒருவரே. காஞ்சிபுரத்தில் அண்ணாவும் திருவண்ணாமலையில் சண்முகமும் தோற்றனர். அந்தப் பதினைந்து பேரையும் வீழ்த்தக் காமராசர் வகுத்த திட்டமே இதற்குக் காரணம் என்பது பரவலான விளக்கம். அவ்விளக்கம் ஓரளவே பொருந்தும். அதே தேர்தலில் தி.மு.க. 50 பேரவை இடங்களைப் பெற்றது. அப்போதே நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் தர்மலிங்கம் திருவண்ணாமலையில் மீண்டும் வென்றார். நாடாளுமன்றத் தொகுதியின் பரப்பு பெரிது என்பதைக் கணக்கிற்கொண்டாலும், ஒரே பகுதி ஒரே தேர்தலில் இருவேறு தீர்ப்புகளை வழங்கியது கருதத்தக்கது.

அடுத்த ஆண்டே, 1963 இடைத்தேர்தலில், சண்முகம் அத்தொகுதியை மீட்டார். இவ்விரு தேர்தல்களின்போதும் முதலமைச்சர் காமராசரே. 1963 அக்டோபரில்தான் அவர் பதவி விலகினார். ஆட்சியும் மாறவில்லை, தலைவரின் குணமும் ஓராண்டில் மாறியிருக்க முடியாது. எனவே தலைவரின் நிறைகுறையை மட்டும் கொண்டு 1962இன் வெற்றியையும் 1963இன் தோல்வியையும் ஒருங்கே விளக்க இயலாது.

துணைவலியும் 1967உம்

1967இல் மாநிலமே தி.மு.க. பக்கம் சாய்ந்தபோது திருவண்ணாமலையில் காங்கிரசு வென்றது. பேரவை இடங்கள் 206இலிருந்து 234 ஆக உயர்ந்து தொகுதி எல்லைகள் மாறியிருந்தன என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். விருதுநகரில் காமராசரும் திருப்பெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்ற தேர்தல் இது. காமராசர் தோற்றது 1,285 வாக்குகளில்.

மாநில அளவிலான புள்ளிகள் மேலும் தெளிவு தருகின்றன. காங்கிரசின் வாக்கு விழுக்காடு 1962இல் ஏறத்தாழ 46, 1967இல் 41. இழப்பு ஐந்து புள்ளிகளே. ஆனால் அதன் இடங்கள் 139இலிருந்து 51 ஆகச் சுருங்கின. ஏறத்தாழ அதே 41 விழுக்காட்டளவில் நின்ற தி.மு.க. 137 இடங்களைப் பெற்றது. 1962இல் பல திசைகளில் சிதறிய எதிர்ப்பு வாக்குகளைச் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக் முதலியவற்றுடன் அண்ணா அமைத்த கூட்டணி ஒன்றுசேர்த்தது. செயலின் வலிமை, தன் வலிமை, பகைவர் வலிமை ஆகியவற்றோடு துணைவர் வலிமையையும் எடைபோடுமாறு வலியறிதல் கூறுவது இங்குப் பொருத்தமுறுகின்றது. காங்கிரசு தன் வலிமையைப் பெரிதும் இழந்துவிடவில்லை. எதிரணியின் துணைவலிக்கு ஈடுகொடுக்க இயலாமற் போயிற்று.

1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் இவ்விளக்கத்தில் மறைந்துபோகின்றன என்று மறுக்கலாம். அம்மறுப்பில் உண்மை உண்டு. ஐந்து புள்ளி இழப்புக்குப் பின்னே அவ்விரண்டும் நிற்கின்றன. கொள்கையால் வேறுபட்ட கட்சிகள் ஓரணியில் நிற்கவும் அவை இடமளித்தன. ஆயினும் மனக்குறை வாக்காக மாறுவது ஒரு நிகழ்வு. வாக்கு இடமாக மாறுவது மற்றொன்று. அறநோக்கு விளக்கம் முதலாவதை மட்டுமே காண்கின்றது. மனக்குறை மாநிலம் முழுவதும் ஒரே அளவில் வாக்காக மாறுவதில்லை என்பதற்குத் திருவண்ணாமலையின் 1967 முடிவு சான்றாகின்றது.

முடிவுரை

1957, 1962, 1963, 1967 என நான்கு தேர்தல்களிலும் திருவண்ணாமலை தன் முந்தைய தீர்ப்பை மாற்றிக்கொண்டே வந்தது. மாநில அலை, தலைவரின் வீழ்ச்சி, ஊரின் சமய இயல்பு ஆகியவற்றுள் எதுவும் இவ்வரிசையைத் தனித்து விளக்கவில்லை. தலைவரின் குற்றமே தோல்வி எனக் கொள்ளும் எழுத்து, அறவுணர்வு மிக்கதாகத் தோன்றினும், முடிவெடுத்த வாக்காளரை வரலாற்றிலிருந்து நீக்கிவிடுகின்றது. மன்னராட்சியில் குடிகள் மன்னனின் பிழையைத் தாங்குபவர். மக்களாட்சியிலோ அவர்களே தீர்ப்பளிப்பவர். இவ்வேறுபாட்டை மறந்த விளக்கம், தோற்ற கட்சிக்கும் பயன் தராது. தலைவரை மாற்றினால் போதும் என அது எண்ணும். துணையையும் இடத்தையும் எண்ணிப் பார்க்காது. ஆகவே தோல்வியை ஆராய்வோர் கொடுங்கோன்மையோடு வலியறிதலையும் இடனறிதலையும் சேர்த்துப் பயிலுதல் வேண்டும்.